மலையில் பேசிய தந்தை, சிலுவையடியில் ஏன் பேசவில்லை?

அணைக்கரை டீச்சர் (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பங்கு எங்களுடையது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன், 11 வருஷமாக. போன ஞாயிறு, ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தின் 2ஆம் ஞாயிறு, வழக்கம்போல இயேசு மலையில் உருமாறிய வாசகம், இந்த முறை மத்தேயு 17ஆம் அதிகாரம். முகம் சூரியனைப் போல ஒளிர்ந்தது, முன்காலத்து இறைவாக்கினர் மோசேயும் எலியாவும் வந்தார்கள், மேகத்திலிருந்து குரல் கேட்டது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் கையைக்கூடத் தூக்காமல் கேட்டான்: "டீச்சர், மலை மேல நல்லா இருக்கறப்ப 'இவர் என் மகன்'னு மேகத்துல இருந்து சொன்னாரு இல்ல, சிலுவையில தொங்கறப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?"

வேறு பிள்ளை கேட்டிருந்தால் "நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லியிருப்பேன். இவனுடைய அப்பா கிரானைட் குவாரியில் வேலை செய்தவர், போன ஐப்பசியில் கல் சரிந்து அங்கேயே இறந்துபோனார். அதற்கப்புறம் இந்தப் பையன் வகுப்பில் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "தெரியலப்பா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளை 14 ஸ்தலமாக நின்று நின்று செபிப்பது, பாறைக் குன்றில்தான் நடக்கும். 14 ஸ்தலத்துக்கும் சிமெண்டுச் சிலுவை உண்டு, சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் இளைஞர்கள் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு ஏறத் தொடங்கினால் அப்போதும் பாறை சுடும், செருப்பில்லாமல் வருகிற பாட்டிமார்கள் புல் முளைத்த இடமாகப் பார்த்துக் கால் வைப்பார்கள். உச்சியில் இருப்பது 12ஆம் ஸ்தலம், இயேசு உயிர்விடுகிற இடம். எங்கள் பிள்ளைகளுக்கு மலை என்றாலே சிலுவைதான். மலைமேல் வெளிச்சம் என்று நான் சொன்னபோது அது அவர்கள் மனசில் ஒட்டவே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். பாடுகளைத் தியானிக்கிற காலத்தில் திருச்சபை ஏன் இந்த வாசகத்தைக் கொண்டுவந்து வைக்கிறது? அப்புறம், அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்வது?

உபதேசியார் பேரன் (பாலக்கோடு)

டீச்சர், உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் தாத்தா உபதேசியார், சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் செபம் சொல்லிக்கொடுத்தவர். உருமாற்றக் கதையை அவர் ஒருநாளும் மலையிலிருந்து தொடங்கமாட்டார், ஆறு நாள் முன்னாலிருந்து தொடங்குவார்.

ஆறு நாள் முன்னால் என்ன நடந்தது? பிலிப்புச் செசரியாப் பக்கம் இயேசு சீடர்களிடம் "நான் யாரென்று நீங்கள் சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இராயப்பர், அதாவது பேதுரு, "நீர் மெசியா" என்கிறார். சரியான பதில்தான். உடனே இயேசு, நான் எருசலேமுக்குப் போய்ப் பாடுபட்டுச் சாகவேண்டும், மூன்றாம் நாள் எழவேண்டும் என்கிறார். இராயப்பருக்கு அது தாங்கவில்லை, தனியாக இழுத்துப்போய்க் கடிந்துகொள்கிறார். "என் பின்னால் போ, சாத்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். என்னைப் பின்பற்றுகிறவன் தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்ற வார்த்தையும் அங்கேதான் வருகிறது. அந்த மனக்கசப்பு ஆறாமல் இருக்கும்போதுதான் ஆறு நாள் கழித்து இயேசு இராயப்பர், யாகப்பர் (யாக்கோபு), அருளப்பர் (யோவான்) மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறார். லூக்காவில் மட்டும் ஏறக்குறைய எட்டு நாள் என்றிருக்கும்.

பெரிய லியோ என்ற திருத்தந்தை, நம் பக்கம் சிங்கராயர் என்று பேர் வைக்கிறோமே அவர்தான், 5ஆம் நூற்றாண்டில் இதைப் பற்றி ஒரு மறையுரை ஆற்றியிருக்கிறார். சிலுவையைப் பார்த்துச் சீடர்களின் மனசு இடறிவிடக் கூடாது, அதற்காகவே முன்கூட்டி மகிமையைக் காட்டினார் என்பது அவர் விளக்கம். கிழக்குத் திருச்சபையில் இந்தத் திருநாளுக்குப் பாடுகிற பாட்டும் அதே கருத்துத்தான்: நீர் சிலுவையில் அறையப்படுவதைப் பார்க்கும்போது, நீர் மனமுவந்துதான் பாடுபட்டீர் என்று அவர்கள் புரிந்துகொள்ளும்படியாக உம் மகிமையைக் காட்டினீர் என்று வரும். உருமாற்றத் திருநாள் ஆகஸ்ட் 6, திருச்சிலுவை மகிமைத் திருநாள் செப்டம்பர் 14, இரண்டு நாளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், சரியாக 40 வரும். அவர்கள் மரபில் அந்த 40 நாள் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்று, லூக்கா 9:31. மோசேயும் எலியாவும் வந்து இயேசுவோடு என்ன பேசினார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதவில்லை, லூக்கா எழுதியிருக்கிறார். எருசலேமில் நிகழப்போகிற அவருடைய இறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் பேச்சு என்னவோ சாவைப் பற்றித்தான். அதனால் தவக்காலத்தில் இதைப் படிப்பது எனக்கு முரணாகப் படவில்லை. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர்.

ஓசூர் வாசகர்

சகோதரி, நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நாங்கள் லெந்து காலம் என்போம், உருமாற்றத்தை மறுரூபம் என்போம், சங்கதி ஒன்றுதான்.

மேலே ஐயா எழுதியது தெளிவாக இருக்கிறது, மரியாதையோடுதான் மறுக்கிறேன். சீடர்களுக்குத் தைரியம் வரத்தான் காட்டினார் என்றால் அது பலிக்கவே இல்லையே. மலைக்குக் கூட்டிப்போன அதே மூன்று பேரைத்தான், பிடிபட்ட இரவில் செபித்த கெத்செமனே தோட்டத்திலும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தூங்கிவிட்டார்கள். பிடிக்க வந்தபோது எல்லாரும் ஓடிப்போனார்கள். பேதுரு குளிர்காய்கிற நெருப்புப் பக்கத்தில் நின்று மூன்று தரம் தெரியாது என்றார், மலையில் மூன்று கூடாரம் போடுகிறேன் என்றவர் அவர்தான். யோவான் மட்டும் சிலுவையடியில் நின்றதாக யோவான் சுவிசேஷம் குறிப்புத் தருகிறது, ஆனால் அந்தச் சுவிசேஷத்தில்தான் மறுரூபக் கதையே கிடையாது. அதில் "மகிமைப்படும் வேளை" என்று இயேசு சொல்வது தாம் சிலுவையில் உயர்த்தப்படுவதைத்தான்.

எனக்குப் படுவது இது. மலையையும், அவரைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் இரண்டும் புரியும். மலையில் அவருடைய வஸ்திரம் வெளிச்சமாகிறது, பூமியில் எவராலும் வெளுக்க முடியாத வெண்மை என்று மாற்கு சொல்கிறார். கொல்கொதாவில் அவர் வஸ்திரத்தைச் சேவகர் சீட்டுப்போட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே முகம் சூரியன்போல் பிரகாசிக்கிறது, இங்கே நடுப்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை தேசமெங்கும் இருட்டு. அங்கே எலியா வந்து நிற்கிறார். இங்கே "ஏலி, ஏலி" என்று கதறுவதைக் கேட்டவர்கள் "எலியாவைக் கூப்பிடுகிறான், எலியா வருவானா பார்ப்போம்" என்கிறார்கள், வரவில்லை.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வலது இடது விஷயம். உம்முடைய மகிமையிலே ஒருவன் வலப்புறமும் ஒருவன் இடப்புறமும் உட்காரவேண்டும் என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். அவர்கள் மலையில் மகிமையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மோசேயும் எலியாவும் பக்கத்தில் இருந்ததைக் கண்டவர்கள், அந்த இடத்துக்குத்தான் ஆசைப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். அது என் காரியமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். கடைசியில் அந்த இரண்டு இடமும் இரண்டு கள்ளருக்குக் கிடைத்தது. மத்தேயுவில் இந்தக் கோரிக்கையைக் கேட்பது அவர்களுடைய தாய். அதே மத்தேயு 27:56இல், தூரத்தில் நின்று சிலுவையைப் பார்த்த பெண்களில் செபெதேயுவின் குமாரருடைய (யாக்கோபு, யோவானுடைய) தாயும் இருந்தாள் என்று எழுதியிருக்கிறது. வலதும் இடதும் யாருக்குப் போனது என்று அந்த அம்மா தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

மலையிலிருந்து இறங்கும்போது, மனுஷகுமாரன், அதாவது தாம், உயிர்த்தெழும்வரை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றார். சொன்னாலும் அதற்கு முன்னால் அது புரியாது என்பதால்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

தர்மபுரி செவிலி

அக்கா, நான் வேதம் அதிகம் படித்தவள் இல்லை. செவிலியராக 19 வருஷம் ஆகிறது. அந்தப் பையனைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒருமுறை இரவுப் பணியில் ஆறேழு வயதுப் பெண்குழந்தை, இரண்டு கையிலும் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அப்பா களிமண் ஒட்டிய வேட்டியோடு வயலிலிருந்து அப்படியே வந்தவர். பிள்ளையைத் தொட வேறு இடமில்லாமல் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரி 10 மணியிலிருந்து விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் எடுத்தால் அழுதுவிடுவார் என்று பார்த்தாலே தெரிந்தது. குழந்தை மயக்கத்தில் இருந்தது, பிழைத்துப் போய்விட்டது. அப்பா என்ன சொன்னார் என்று அதைக் கேட்டிருந்தால் ஒண்ணுமே சொல்லலை என்றுதான் சொல்லியிருக்கும்.

சிலுவையில் தந்தை பேசவில்லை என்றதும் எனக்கு அந்த மனிதருடைய கைதான் ஞாபகம் வந்தது. ஆனால் அக்கா, தயவுசெய்து இதை அந்தப் பையனிடம் சொல்லாதீர்கள். அவன் அப்பா சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், யாராவது பிடித்துக்கொண்டிருந்தார்களா என்று நமக்குத் தெரியாது. இது நம்மைப்போன்ற பெரியவர்களுக்கு மட்டும்.

நீங்கள் மத்தேயு படித்ததாகச் சொன்னீர்கள். அந்தக் குரலைக் கேட்டுச் சீடர்கள் முகங்குப்புற விழுந்து பயந்து கிடக்கிறார்கள் இல்லையா, அப்போது இயேசு கிட்ட வந்து அவர்களைத் தொட்டு "எழுந்திருங்கள், அஞ்சாதீர்கள்" என்கிறார். இந்தத் தொடுவது மாற்கிலும் இல்லை லூக்காவிலும் இல்லை, இன்றைக்கு மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பையனுக்கு நான் சொல்வதாக இருந்தால் இங்கிருந்து தொடங்குவேன்.

அணைக்கரை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, நீங்கள் சொன்னபடி அதைச் சொல்லமாட்டேன். அவன் அம்மாவே என்னிடம் சொன்னது, உதவிக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

ஓசூர் ஐயா எழுதியதில் அந்தத் தாய் என் மனசில் நின்றுவிட்டாள், இத்தனை வருஷம் படித்தும் அவளைக் கவனிக்கவில்லை. ஆனாலும் பையன் கேட்டது அப்படியேதான் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் குரல் கேட்டது. மலையில் கேட்டது. மூன்றாவது தரம், எப்போது மிகவும் வேண்டுமோ அப்போது கேட்கவில்லை. மௌனத்துக்கு அர்த்தம் சொல்லி 13 வயசுப் பிள்ளையிடம் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. சுவிசேஷத்திலேயே பதில் இருந்தால் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

அரூர் மஞ்சள்காடு

டீச்சரம்மா, மதுரை அரசரடியில் இறையியல் படித்தவன் நான், இப்போது அரூர் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருக்கிறேன். கிரேக்கம் பாதி மறந்துவிட்டது, இந்த இடம் மட்டும் மறக்கவில்லை.

மாற்கு நற்செய்தியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அதிகாரத்தில் இயேசு யோர்தானிலிருந்து கரையேறும்போது வானம் திறந்ததாகச் சில மொழிபெயர்ப்பில் இருக்கும். கிரேக்கத்தில் அந்தச் சொல் "கிழிந்தது". ஸ்கிட்ஸோ என்ற வினைச்சொல். வானம் கிழிந்தது, "நீர் என் அன்பு மகன்" என்று குரல் வந்தது. அதே சொல்லை மாற்கு இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் போடுகிறார், 15ஆம் அதிகாரத்தில். இயேசு உயிர்விட்டதும் கோவில் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது. வானம் கிழிந்தபோது குரல் வந்ததே, இப்போதும் வரவேண்டுமே என்று படிக்கிறவன் காத்திருப்பான்.

வருகிறது டீச்சரம்மா. அடுத்த வசனத்திலேயே வருகிறது. "உண்மையாகவே இந்த மனிதர் இறைமகன்." ஆனால் மேகத்திலிருந்து இல்லை. அவரைச் சிலுவையில் அறைந்த படையின் நூற்றுவர் தலைவன் சொல்கிறான். மலையில் தந்தை சொன்ன அதே சங்கதி, கீழே நின்ற ஒரு மனிதன் வாயில் வருகிறது. மாற்கில் இயேசுவை இறைமகன் என்று மனமாரச் சொல்கிற முதல் மனிதன் இவன்தான். பேய்கள் அதற்கு முன்னால் சொல்லியிருக்கின்றன, தலைமைக்குரு கேள்வியாகக் கேட்டிருக்கிறான், ஆனால் நம்பிக்கையோடு எந்தச் சீடனும் அந்தச் சொல்லைச் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. இவன் உருமாற்றத்தைப் பார்க்கவில்லை, அற்புதம் எதையும் பார்த்ததாக எழுதவில்லை, ஒருவர் செத்த விதத்தை மட்டும்தான் பார்த்தான்.

அதற்காக அந்தக் கதறலை லேசாக்கிவிடாதீர்கள். "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் போகப்போக "கூப்பிடுகையில் அவனைக் கேட்டருளினார்" என்று மாறுகிறது, அதனால் அது நம்பிக்கையின் குரல்தான் என்று சிலர் விளக்குவார்கள். இருக்கலாம், எனக்கும் அந்த விளக்கத்தில் ஆறுதல் உண்டு. ஆனால் மாற்கு முதல் வரியை மட்டும்தான் எழுதியிருக்கிறார், அந்தக் கதறலுக்குப் பதிலும் எழுதவில்லை. அவர் எழுதாததை நாம் நிரப்பவேண்டாம்.

லூக்காவில் "இறப்பைப் பற்றிப் பேசினார்கள்" என்று பாலக்கோடு ஐயா எழுதினாரே, அங்கே இருக்கிற கிரேக்கச் சொல் எக்ஸோடோஸ், புறப்பாடு. மோசே மக்களை எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்த புத்தகத்துக்கும் கிரேக்கத்தில் அதுதான் பேர், நாம் யாத்திராகமம், விடுதலைப் பயணம் என்கிறோம். அந்தப் புறப்பாட்டை நடத்திய மோசே பக்கத்தில் நின்று இந்தப் புறப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். அதன்பிறகு அதே அதிகாரம் 51ஆம் வசனத்தில் இயேசு எருசலேமை நோக்கி முகத்தைத் திருப்பிவிடுகிறார்.

ஒரு படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்தாலியில் ராவென்னாவுக்குப் பக்கத்தில் கிளாஸே என்ற இடத்தில் புனித அப்பொலினாரிஸ் கோவில் இருக்கிறது, 549இல் அபிஷேகம் செய்தது. பீடத்துக்கு மேலே சின்னச் சின்னக் கற்கள் பதித்து உருமாற்றத்தை வரைந்திருக்கிறார்கள். மோசேயும் எலியாவும் மேகத்தில் இருக்கிறார்கள், மேலே ஒரு கை தெரிகிறது, கீழே மூன்று சீடர்களுக்குப் பதிலாக மூன்று ஆடுகள். இயேசு இருக்கவேண்டிய இடத்தில் நீல வட்டம், அதில் நட்சத்திரங்கள், நடுவே பெரிய பொன் சிலுவை. அந்தச் சிலுவையின் இரண்டு கட்டையும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகம்போல அவ்வளவு சின்னதாக அவர் முகம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் சிலுவை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தப் படம்தான் வந்தது. அவர்கள் தப்பாக நினைக்கவில்லை.

உபதேசியார் பேரன் (பாலக்கோடு)

ஓசூர் தம்பி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். ஓடிப்போனார்கள் என்பது சரிதான், மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம் பேதுரு கடிதம் முதல் அதிகாரத்தில், அந்தப் பரிசுத்த மலையில் நாங்கள் அவரோடு இருந்தபோது வானத்திலிருந்து வந்த குரலைக் கேட்டோம் என்று எழுதியிருக்கிறது. தன் உடலாகிய கூடாரத்தைச் சீக்கிரம் விட்டுப் போகவேண்டும், தன் சாவு நெருங்கிவிட்டது என்று சொன்ன கையோடு அதை எழுதுகிறார். அந்த இடத்திலும் சாவுக்குக் கிரேக்கத்தில் எக்ஸோடோஸ் என்றே இருப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். மலையில் பார்த்தது அன்றைக்கு உதவாமல் போயிருக்கலாம், கடைசியில் உதவியிருக்கிறது. இந்த அளவுக்குத் தாத்தா சொன்னதை நான் விடமாட்டேன்.

ஓசூர் வாசகர்

ஐயா, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அணைக்கரை டீச்சர்

இன்றைக்கு வகுப்பு முடிந்தது. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவனை மட்டும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மாற்கு 15ஐ அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். விளக்கம் எதுவும் முதலில் சொல்லவில்லை. "ஏன் என்னைக் கைவிட்டீர்" வந்ததும் நிறுத்திவிட்டான். கொஞ்சநேரம் சும்மா இருந்தோம். இந்த வரிக்கு இங்கே பதில் எழுதல, எனக்கும் தெரியல என்றேன். அப்புறம் அவனே மேலே படித்தான். திரைச்சீலை, நூற்றுவர் தலைவன் எல்லாம் வந்தபோது அரூர் அண்ணா எழுதியதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். மலையில அப்பா சொன்னதை இங்க இந்த ஆள் சொல்றார், பாத்தியா என்றேன்.

அவன் தலையாட்டவில்லை, புரிந்தது என்றும் சொல்லவில்லை. "அந்த ஆள் எங்க நின்னாரு டீச்சர்?" என்று கேட்டான். வசனத்தைப் பார்த்தேன், "அவருக்கு எதிரே நின்ற" என்று இருந்தது. அதைக் காட்டினேன். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டே இருந்தான்.

போகும்போது, வெள்ளிக்கிழமை 12ஆம் ஸ்தலத்தில் வாசகம் தானே படிக்கட்டுமா என்று கேட்டான். அப்பா இறந்ததிலிருந்து அவன் பாறை ஏறவே வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் சிலுவைப்பாதைப் புத்தகத்தில் அந்த இடத்தில் லூக்காவின் வசனம்தான் இருக்கிறது, எழுத்தும் ரொம்பப் பொடி, சாயங்கால வெளிச்சத்தில் உச்சியில் நின்று படிக்கச் சிரமப்படுவான். மாற்கு 15:33 முதல் 39 வரை பெரிய எழுத்தில் யாராவது தட்டச்சு செய்து அனுப்பினால் வியாழக்கிழமைக்குள் டவுனில் பிரிண்ட் எடுத்துவிடுவேன்.